ஹாஸ்பிஸில் தொண்டு செய்ய என்ன வேண்டும்?

சகோதரி, உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எழுதிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, பெங்களூரு ராமமூர்த்தி நகரில் மகன் குடும்பத்தோடு இருக்கிறீர்கள். உங்கள் தாயார் நான்கு மாதங்களுக்கு முன் புற்றுநோயால் காலமானார். கடைசிப் பதினெட்டு நாட்கள் ஒரு ஹாஸ்பிஸில், அதாவது இனிக் குணமாக்க முடியாத நோயாளிகளின் வலியைத் தணித்துக் கடைசி வரை பராமரிக்கும் இல்லத்தில் இருந்தார். அங்கே கண்டதை மறக்க முடியாமல், அத்தகைய இல்லம் ஒன்றில் நீங்களும் தொண்டு செய்ய விரும்புகிறீர்கள். மருத்துவப் படிப்பு இல்லை, கன்னடம் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான், மனம் தாங்குமா என்ற அச்சமும் இருக்கிறது. வாரந்தோறும் சாவு நடக்கும் இடத்துக்குப் போய்விட்டுக் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குள் வருவதா என்று மருமகள் தயங்குகிறார்.

அல்சூரில் தமிழ் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற நான், இந்த நகரத்து இல்லம் ஒன்றுக்கு ஒன்பது ஆண்டுகளாகச் செவ்வாய்க்கிழமைதோறும் போய்வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்தே எழுதுகிறேன். நோயாளிகளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதலில், உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போதே போகாதீர்கள். நெருங்கிய உறவினரை இழந்தவர்களை ஏறக்குறைய ஓராண்டு பொறுத்திருக்கச் சொல்வது பல இல்லங்களில் வழக்கம். அதில் நியாயம் இருக்கிறது. நான்கு மாதத் துக்கத்தோடு ஒரு படுக்கையருகில் உட்காரும்போது, அங்கே படுத்திருப்பவர் உங்கள் தாயாராகவே தெரிவார். அவருக்கு அன்று போர்த்திவிடத் தவறிய போர்வையை இவருக்குப் போர்த்தத் தோன்றும். இவருக்கோ அப்போது புழுக்கமாக இருக்கலாம். நம் பக்கத்தில் வருஷ திவசம் வரை துக்கத்துக்கென்று ஒரு காலம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதை இந்தக் காரியத்துக்கும் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட மாதங்களில் கன்னடம் பேசப் பழகிக்கொண்டால், பிறகு அது மிகவும் உதவும்.

ஹாஸ்பிஸ் என்ற ஏற்பாடே ஒரு படுக்கையருகில் உட்கார்ந்து கேட்டதிலிருந்து பிறந்தது. லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார் முதலில் செவிலியாகவும், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்தார். சாகப்போகிறவர்களின் வலியை யாரும் பொருட்படுத்துவதில்லை என்று கண்டு மருத்துவம் படித்து, 1957-ல் மருத்துவரானார். 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் திறந்தார். உடல் வலியோடு மனத்தின் வலி, குடும்பக் கவலை, ஆன்மிகத் தவிப்பு எல்லாம் பின்னிக் கிடப்பதை ‘முழு வலி’ என்று அவர் குறிப்பிட்டார். இந்தியாவில் முதல் ஹாஸ்பிஸ் 1986-ல் மும்பை பாந்த்ராவில் தொடங்கப்பட்ட சாந்தி அவேத்னா சதன். நம் நகரத்தில் இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் கர்நாடகக் கிளையும் இந்திராநகர் ரோட்டரி சங்கமும் சேர்ந்து உருவாக்கிய கருணாச்ரயா, முதலில் வீடுகளுக்குச் சென்று பார்க்கும் சேவையாகத் தொடங்கி, 1999 முதல் மாரத்தஹள்ளி அருகே உள்நோயாளிகளையும் வைத்துப் பார்த்து வருகிறது, கட்டணம் கிடையாது. டில்லியில் 1996-ல் தொடங்கிய கேன்சப்போர்ட், நோயாளியின் வீட்டுக்கே குழுவை அனுப்பும் முறையைப் பின்பற்றுகிறது. கேரளத்திலோ, 1993-ல் கோழிக்கோட்டில் மருத்துவர் எம்.ஆர்.ராஜகோபாலும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய பணி நாளடைவில் ஊர் ஊராகப் பரவி, பயிற்சி பெற்ற சாதாரண மக்களையே தூணாகக் கொண்டு நிற்கிறது. மருத்துவப் படிப்பு இல்லாதவருக்கு இங்கே என்ன வேலை என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.

நாள்தோறும் செய்யும் வேலை பெரும்பாலும் சின்னஞ்சிறியது. தலை வாரிவிடுவது, நகம் வெட்டுவது, நாளிதழ் படித்துக் காட்டுவது, கைபேசியில் ஊருக்குப் பேசவைப்பது, கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் மனைவியோ மகளோ குளித்துச் சாப்பிட்டு வரும் வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது. கடைசியாகச் சொன்னதைக் குறைவாக மதிப்பிட வேண்டாம். மூன்று வாரமாக முழுத் தூக்கம் தூங்காத ஒரு பெண், ‘நான் இருக்கேன், நீ போய் ஒரு மணி நேரம் படு’ என்று யாராவது சொன்னதும், அந்த இடத்திலேயே கண்ணீர் விட்டதைப் பார்த்திருக்கிறேன். நோயாளியருகில் இருக்க மனம் ஒப்பாவிட்டால் துணி மடிப்பது, தோட்டம், நன்கொடை ரசீது, கணக்கு என்று வேறு வேலைகளும் இருக்கின்றன. வங்கியில் இருந்தவர் நீங்கள். கணக்குப் பிரிவிலிருந்து உங்களை வெளியே விடவே மாட்டார்கள். ஆனாலும், உங்களிடம் உள்ள தமிழை அங்கே முடக்கிப் போடக்கூடாது என்பது என் எண்ணம்.

ஏனென்று சொல்கிறேன். நம் நகரத்துக் கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்கு ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் நிறைய. சிகிச்சை இனிப் பயன்படாது என்ற நிலையில் அவர்களில் சிலர் ஹாஸ்பிஸுக்கு வந்து சேர்கிறார்கள். செவிலியர்களில் பலர் கேரளத்துப் பெண்கள். உதவியாளர்கள் கன்னடமோ இந்தியோ பேசுவார்கள். அன்பாகப் பேச இந்த மொழிகள் எல்லாமே போதும். வலியைச் சொல்லத்தான் தாய்மொழி வேண்டியிருக்கிறது.

கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாட்டி ஒருவர் இருந்தார். வலி இருக்கிறதா என்று கேட்டால் தலையசைப்பார். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டால் விழிப்பார். மருந்தின் அளவைக் கூட்டியும் முகம் தெளியவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை நான் எண்ணைப் பற்றிக் கேட்காமல், ‘எப்படிப் பண்ணுது பாட்டி?’ என்றேன். ‘இடுப்புல குடையறது எப்பவும் இருக்கிறதுதான். தொடையில இருந்து பாதம் வரைக்கும் சுரீர்னு கரண்டு அடிக்கிற மாதிரி இழுக்குதும்மா, அப்புறம் மிளகாய்ப் பொடி தூவின மாதிரி திகுதிகுன்னு எரியுது. சீலை பட்டாக்கூடத் தாங்கல’ என்றார். நான் அதை அப்படியே எழுதிச் சிஸ்டரிடம் கொடுத்தேன். குடைச்சல் ஒரு வகை வலி, கரண்ட் அடிப்பது போன்ற இழுப்பும் எரிச்சலும் இன்னொரு வகை. பின்னது பெரும்பாலும் நரம்பு சம்பந்தப்பட்டது. அதற்கு மார்ஃபின் என்ற வலிநிவாரணியோடு வேறு மருந்தும் சேர்க்க வேண்டியிருக்கும் என்று பயிற்சியில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். மருத்துவர் வந்து பார்த்து மருந்தை மாற்றினார். அடுத்த வாரம் பாட்டி கால்மேல் போர்வையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தமிழில் வலிக்கு எத்தனை சொற்கள்! கடுப்பு, குடைச்சல், குத்தல், எரிச்சல், பிடிப்பு, இழுப்பு, விண்விண் என்று தெறிப்பது, நெஞ்சு கரிப்பது, வயிறு பிசைவது. ‘நெஞ்சு கரிக்குது’ என்பதை நெஞ்சுவலி என்று மொழிபெயர்த்துவிட்டால் மருத்துவர் இதயத்தை நினைப்பார். ‘கிறுகிறுன்னு வருது’ என்பதை மயக்கம் என்று சொன்னால் நினைவு தப்பியதாக எடுத்துக்கொள்வார். அதனால் நீங்கள் மொழிபெயர்க்கும்போது சுருக்கவோ நாகரிகப்படுத்தவோ கூடாது. சொன்ன சொல்லைச் சொன்னபடியே எழுதி, அதற்குப் பக்கத்தில் பொருளை விளக்குங்கள். வீட்டார் முன்னிலையில் நோயாளி வலியைக் குறைத்துச் சொல்வார் என்பதையும் நினைவில் வையுங்கள். ‘பரவாயில்ல’ என்ற சொல்லை நம்மவர்கள் எந்த நிலையிலும் சொல்லக்கூடியவர்கள்.

இனிக் கடினமான பகுதி. நம் குடும்பங்களில் பாதிக்கு மேல், வாசலிலேயே நம்மை நிறுத்தி, ‘அவருக்கு இன்ன நோய்னு தெரியாது, சொல்லிடாதீங்க’ என்று கேட்டுக்கொள்வார்கள் என்றே சொல்வேன். உள்ளே போனால் அவரே, ‘எனக்கு எல்லாம் தெரியும்மா, பிள்ளைங்க தாங்காதுங்க, அதனால தெரியாத மாதிரி இருக்கேன்’ என்பார். இரண்டு பக்கமும் அன்பினால்தான் மறைக்கிறார்கள். அந்த மறைப்பில் சொல்ல வேண்டியவை எல்லாம் சொல்லப்படாமல் போய்விடுகின்றன. இதை உடைப்பது தொண்டர் வேலையில்லை. பொய் சொல்வதும் நம் வேலையில்லை. ‘எனக்குச் சரியாயிடுமா?’ என்று ஒருவர் கேட்டால், ‘எல்லாம் சரியாயிடும், தைரியமா இருங்க’ என்று சொல்லத்தான் நாக்கு துடிக்கும். அப்படிச் சொன்ன நிமிடமே அவர் உங்களிடம் பேசுவதை நிறுத்திவிடுவார். இவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான் என்று புரிந்துகொள்வார். ‘உங்களுக்கு என்ன தோணுது ஐயா?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பதில் வர ஐந்து நிமிடம் ஆகலாம். வந்ததைச் சிஸ்டரிடமோ ஆலோசகரிடமோ சொல்லுங்கள். குடும்பத்தோடு எப்போது, எப்படிப் பேசுவது என்பதை அவர்கள் அறிவார்கள். கர்மவினை, போன ஜென்மத்துப் பாவம் போன்ற பேச்சுகளுக்கு அங்கே இடமே கிடையாது. நாட்டுமருந்துச் சிபாரிசும், உங்கள் சாமியைப் பற்றிய பிரசாரமும் அப்படித்தான்.

உணவு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்களிடம் அதிக மனஸ்தாபம் வருவது இதில்தான். உடல் அடங்கிக்கொண்டு வரும்போது பசியும் தாகமும் தாமாகவே குறைந்துவிடும். சாப்பிடாததால் சாகிறார் என்று குடும்பம் நினைக்கிறது; சாவு நெருங்குவதால் உணவு வேண்டாமல் போகிறது என்பதே அநேகமாக உண்மை. விழுங்கும் திறன் குறைந்தவருக்கு இரண்டு கரண்டி கஞ்சி புகட்டினால்கூட அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும். ஆகவே செவிலியரைக் கேட்காமல் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது என்பது மாறாத விதி. ஆனால் கடைசி நேரத்தில் வாயில் பால் ஊற்றுவது நம் வழக்கம். பால் ஊற்ற முடியாமல் போயிற்றே என்ற குறை பெற்ற பிள்ளைகளை ஆயுள் முழுக்க உறுத்தும். இதை வெறும் சடங்கு என்று ஒதுக்கிவிடக்கூடாது. நாங்கள் செய்வது இதுதான்: சிஸ்டரிடம் கேட்டு, சின்னக் கிண்ணத்தில் பாலை வைத்து, பஞ்சுக் குச்சியை அதில் நனைத்து, பிழிந்துவிட்டு, மகன் கையில் கொடுப்போம். அவர் அதை அப்பாவின் உதட்டிலும் ஈறிலும் மெல்லத் தடவுவார். வறண்டு வெடித்த உதட்டுக்கும் இதம், மகனுக்கும் கடமை செய்த நிறைவு. பெருமாள் தீர்த்தமோ கங்கை நீரோ இதே முறையில் தரலாம். காபிப் பிரியர் ஒருவருக்கு அவர் மனைவி டிகாக்‌ஷனில் நனைத்த பஞ்சை நாக்கில் வைத்தபோது, இரண்டு நாளாக அசையாதிருந்த அவர் நாக்கை ஒருமுறை சப்புக்கொட்டியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவாரா என்று உங்களையும் கேட்பார்கள். மருந்தைப் பற்றிப் பேசுவது உங்கள் வேலையாக இல்லாவிட்டாலும் விஷயம் தெரிந்திருப்பது நல்லது. சரியான அளவில், வலிக்கு ஏற்பக் கூட்டிக் கொடுக்கும் மார்ஃபின் உயிரைக் குறைப்பதில்லை. வாய்வழி மாத்திரையாக ஏறக்குறைய நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பார்கள். மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கான மருந்தும் கூடவே வரும். 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளால் மருத்துவமனைகளே இதை வாங்கி வைக்கத் தயங்கிய காலம் இருந்தது; 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு நடைமுறை எளிதானது. அந்தக் காலத்து அச்சம் இன்னும் மக்கள் மனத்தில் மிச்சம் இருக்கிறது. ‘நல்ல கேள்வி, டாக்டர்கிட்ட இப்பவே கேட்கலாம் வாங்க’ என்று அழைத்துப் போய்விடுங்கள்.

இவை எல்லாவற்றையும் பயிற்சியில் கற்றுத்தருவார்கள். கற்றுத்தர முடியாத ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்டர்களிடம் முதலில் பார்க்க வேண்டியது சொன்ன நேரத்துக்கு வருகிறார்களா என்பதைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கருணையெல்லாம் அதற்கு அப்புறம். இதை நான் தவறு செய்து கற்றேன்.

இரண்டாம் ஆண்டில், சிவாஜிநகரில் தையல் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர், ஆம்பூரில் இருக்கும் தம்பிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார். இருபது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. போனில் வேண்டாம், எழுத்தில்தான் வேண்டும், நீங்கள் தமிழ் டீச்சராயிற்றே, நல்லபடியாக எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். ‘அடுத்த செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் பேப்பர், பேனாவோடு வருகிறேன்’ என்றேன். அந்த வாரம் சேலத்தில் ஒரு திருமணம், போனேன். ஒரு வாரம்தானே, திரும்பி வந்து எழுதிக்கொள்ளலாம் என்று எண்ணினேன். இல்லத்துக்குத் தகவலும் சொல்லவில்லை. அதற்கடுத்த செவ்வாயன்று போனபோது அவர் இருந்தார், ஆனால் பேச்சு நின்றுவிட்டது. அவருடைய மனைவி என்னிடம் கோபமாக எதுவும் சொல்லவில்லை. ‘போன வாரம் காலையிலேயே முகச்சவரம் பண்ணிவிடச் சொன்னாரும்மா. டீச்சர் வருவாங்க, பைஜாமாவோட இருக்கக்கூடாதுன்னு சட்டை மாத்திக்கிட்டாரு. ஒரு மணி வரைக்கும் கதவையே பார்த்துக்கிட்டு இருந்தாரு’ என்றார். நான் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, கடிதத்தில் என்ன எழுத நினைத்தாரோ என்று எனக்குத் தெரிந்த வரை சொல்லிப் பார்த்தேன். கேட்டதா என்று சொல்வதற்கில்லை. மறுநாள் விடியற்காலை போய்விட்டார்.

நமக்கு ஒரு வாரம் என்பது ஒரு வாரம். அவர்களுக்கு அது மிச்சமிருக்கும் ஆயுளில் பாதியாக இருக்கலாம். ஆகவே விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்பு உங்கள் நாட்காட்டியை எடுத்துவைத்துக்கொண்டு, பேரக்குழந்தை, கோயில், ஊர்ப்பயணம் எல்லாவற்றையும் கணக்கிட்டு, எத்தனை மணி நேரம் தவறாமல் தர முடியும் என்று பாருங்கள். வாரம் ஐந்து நாள் வருகிறேன் என்று ஆர்வமாக எழுதிக் கொடுப்பவர்கள் மூன்றாம் மாதம் காணாமல் போவதை அடிக்கடி பார்க்கிறோம். வாரம் ஒரு நாள், இரண்டரை மணி நேரம், இரண்டு ஆண்டு என்றால் அதுவே பெரிய கொடை. சில்க் போர்டு மேம்பாலத்திலும் மாரத்தஹள்ளியிலும் சிக்கிக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு அருகில் வீட்டுப் பராமரிப்புக் குழு ஏதேனும் இருந்தால் அதையும் விசாரியுங்கள். வர முடியாத நாளில் இல்லத்துக்கு முன்னதாகவே சொல்லி, நோயாளியிடம் அதைத் தெரிவிக்கச் சொல்லுங்கள். எந்த நோயாளியிடமும் ‘மறுபடி வருகிறேன்’ என்பதை நாள் குறிக்காமல் சொல்லாதீர்கள். நாள் குறித்தால் போய்விடுங்கள்.

மற்ற விதிகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். தனியாக யாரையும் தூக்கவோ புரட்டவோ கூடாது. புண்ணுக்குக் கட்டுப் போடுவது, குழாயைத் தொடுவது செவிலியர் வேலை. சளி, காய்ச்சல் இருந்தால் அன்று போகக்கூடாது. மல்லிகைச் சரமும் வாசனைத் திரவியமும் குமட்டலை உண்டாக்கலாம், தவிர்த்துவிடுங்கள். படம் எடுக்கக்கூடாது. பணம் கொடுக்கவும் வாங்கவும் கூடாது. உதவி தேவை என்று தெரிந்தால் சமூகப் பணியாளரிடம் சொல்லுங்கள். அங்கே கேட்ட கதையை வீட்டில் பெயரோடு சொல்லக்கூடாது.

மனம் தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள். சில நாட்களில் தாங்காது. இளம் வயதுத் தாய் ஒருத்தி இறந்த வாரத்தில் நான் இரண்டு இரவு தூங்கவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் தொண்டர்கள் கூடிப் பேசுவதற்கென்று ஒரு கூட்டம் நடக்கிறதா, ஒருங்கிணைப்பாளரை எந்த நேரமும் அணுகலாமா என்பதைச் சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் சேர வேண்டாம் என்றே சொல்வேன். ஆனால் நீங்கள் அஞ்சுவது போல அங்கே எந்நேரமும் அழுகுரல் கேட்பதில்லை. கிரிக்கெட் பார்க்கிறார்கள், சாம்பாரில் உப்பில்லை என்று சண்டை பிடிக்கிறார்கள், மருமகளைப் பற்றிக் குறை சொல்கிறார்கள். வலி அடங்கினால் மனிதர்கள் தங்கள் பழைய குணத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். அதைக் காண்பது எனக்கு இன்றும் பெரிய சந்தோஷம்.

மருமகளின் தயக்கத்தைத் தீட்டு என்று சொல்லி அடக்கிவிடாதீர்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் அது இயல்பான பயம். புற்றுநோய் தொற்றுநோய் இல்லை என்பதை நிதானமாகச் சொல்லுங்கள். கைகளை எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று இல்லத்திலேயே கற்றுத்தருவார்கள். திரும்பி வந்ததும் குளித்து உடை மாற்றிய பிறகே பேரனைத் தூக்குவேன் என்று நீங்களே முன்வந்து சொல்லிவிடுங்கள். என் மாமியாருக்கும் இதே வருத்தம் இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் பின்கட்டில் ஒரு வாளி வெந்நீரும் மாற்றுப் புடவையும் எடுத்து வைப்பதை அவரே வழக்கமாக்கிக்கொண்டார். நான் குளித்து வந்த பிறகு, ‘இன்னிக்கு யாராவது நல்லா சாப்பிட்டாங்களா?’ என்று மட்டும் கேட்பார்.